வந்ததை அறிவிக்கும் மணி

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் மலர்க் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்ட பொருள், "பலரும் பகிர்ந்துகொள்ளும் கோப்புறையில் புதிய கோப்பு ஒன்று வந்தவுடன், மின்னஞ்சல் வழியே தானாக அறிவிப்புப் பெறுவது எங்ஙனம்?" என்பதாகும். கேட்ட அளவில், இது கழக்கூட்டத்துத் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்குரிய செய்தி; வலியசாலையிலும் கரமனையிலும் குடியிருக்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறே நாங்களும் ஒருகால் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைச் சென்ற ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி எங்களுக்கு உணர்த்திற்று. அதனைச் சொல்லுமுன், இவ்வூரின் பழைய செய்தி ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம்.

நாம் வாழும் இத்திருவனந்தபுரம், அஞ்சல் என்னும் சொல்லுக்கு நெருங்கிய உறவுடைய ஊர். திருவிதாங்கூர் அரசு தனக்கென ஓர் அஞ்சல் துறையை நடத்திவந்தது. 1951 ஆம் ஆண்டில் அத்துறை இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. அதுவரை இந்நாட்டுச் சாலைகளில் அஞ்சலோட்டக்காரர் ஓடிய காட்சியைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர் கையில் ஒரு கோல், அக்கோலில் மணிகள். தோளிலே கடிதப் பை. மணியோசை கேட்டதும் வழியில் செல்வோர் விலகி இடம் விடுவர். அவ்வோசைக்கு மற்றொரு பயனும் இருந்தது. வீட்டினுள் இருப்போர்க்கும் அது செய்தி சொல்லும். பையில் தமக்குக் கடிதம் உண்டோ இல்லையோ, அஞ்சல் வந்துவிட்டது என்பதை ஊரே அறிந்துகொள்ளும்.

கடிதம் வருவது ஒன்று. வந்தது என்று அறிவது மற்றொன்று. பழைய அஞ்சலில் இவ்விரண்டும் ஒருவர் கையிலேயே இருந்தன. பையைச் சுமந்த கையே மணியையும் ஒலித்தது. இக்காலத்தில் நாம் பையை வைத்துக்கொண்டோம், மணியைக் கழற்றிவிட்டோம். நாங்கள் சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

இனிச் சென்ற ஆண்டு நிகழ்ச்சிக்கு வருகிறோம்.

ஆண்டு விழா மலருக்கு வேண்டிய கட்டுரைகளையும் நிழற்படங்களையும் விளம்பரங்களையும் பெறுவதற்காக, மலர்க் குழுவினராகிய நாங்கள் இணையத்தில் ஒரு கோப்புறையை அமைத்தோம். அதற்குரிய இணைப்பை உறுப்பினர் அனைவர்க்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். கட்டுரை, படம், விளம்பரம், கணக்கு என்று பெரிய கோப்புறைக்குள்ளே சிறிய கோப்புறைகளும் வைத்தோம். யார் வேண்டுமானாலும், எந்நேரத்திலும், இருந்த இடத்திலிருந்தே தம் எழுத்தைக் கொண்டுவந்து இடலாம். வீடு வீடாக அலையும் வேலை ஒழிந்தது என்று மகிழ்ந்தோம்.

நம் சங்கத்தின் முதியவர் ஒருவர், சாலைக் கடைத்தெருவில் தம் தந்தையார் கடை வைத்துப் பிழைத்த நாட்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கையால் எழுதியதைப் பேரன் தட்டச்சிட்டுக் கோப்புறையில் சேர்த்தான். ஆனால் கட்டுரைக்குரிய இடத்தில் அது சேரவில்லை. படங்களுக்கான உள்ளறையில் சென்று தங்கிவிட்டது. நாங்கள் கட்டுரை அறையை மட்டும் இரண்டு மூன்று முறை திறந்து பார்த்தோம். மலர் அச்சேறிற்று. விழா நாளன்று அப்பெரியவர் முன்வரிசையில் அமர்ந்து மலரின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியதை எங்களில் சிலர் கண்டோம். இறுதிப் பக்கம்வரை புரட்டினார். மீண்டும் பொருளடக்கத்தைப் பார்த்தார். மலரை மூடி மடியில் வைத்துக்கொண்டார். எங்களை ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று திங்கள் கழிந்தபின் அவர் மறைந்தார். பதினாறாம் நாள் சடங்கிற்குச் சென்றிருந்தபோது அவருடைய மகள், "அண்ணா, அப்பா எழுதியது மலரில் போடத் தகுதியில்லை என்று விட்டுவிட்டீர்களா? கடைசிவரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்" என்று கேட்டார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டிற்கு வந்து கோப்புறை முழுவதையும் துருவிப் பார்த்தோம். கட்டுரை அங்கே இருந்தது. அச்சகத்திற்கு அனுப்புவதற்கு இருபத்து மூன்று நாட்களுக்கு முன்பே வந்து, எவர் கண்ணிலும் படாமல் காத்திருந்தது.

பிழை கணிப்பொறியினுடையதன்று, பேரனுடையதுமன்று. எங்களுடையது. பையைத் தொங்கவிட்டோம், மணியைக் கட்டவில்லை. அன்றிலிருந்துதான் இப்பொருளை நாங்கள் கற்கத் தொடங்கினோம்.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். கூகுள் டிரைவ் போன்ற சேமிப்பகத்தில் ஒரு கோப்புறையை நம்மோடு பகிரும்போது நமக்கு மின்னஞ்சல் வருகிறது. அதைக் கண்டு, இனி அதனுள் எது வந்தாலும் அறிவிப்பு வரும் என்று பலர் நம்பிவிடுகின்றனர். அந்த அஞ்சல் கதவின் சாவியைக் கொடுத்ததற்கான அறிவிப்பு மட்டுமே. அதன்பின் உள்ளே விழும் ஒவ்வொரு கோப்பிற்கும் தனித்தனியே அஞ்சல் வருமென்று நம்பியிருத்தல் ஆகாது. உள்ளே சென்று பார்ப்பவர்க்கே அது தெரியும்.

இங்கே வரலாற்றில் ஒரு வியப்பு உண்டு. கோப்பும் மின்னஞ்சலும் ஓராண்டுப் பிள்ளைகள். 1971 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்குக் கோப்பை அனுப்பும் நெறிமுறையை முதன்முதலாக எழுதியவர் அபய் பூஷண் என்னும் இந்தியர், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர். அதே 1971 இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், வலைப்பின்னலின் வழியே முதல் மின்னஞ்சலை அனுப்பினார். பெயருக்கும் இடத்திற்கும் நடுவே இன்று நாம் இடும் '@' குறியைத் தேர்ந்தவரும் அவரே. அடுத்த ஆண்டே பூஷண் தம் கோப்பு நெறிமுறையில் அஞ்சலைக் கொண்டுசெல்லும் கட்டளைகளையும் சேர்த்தார். 1982 இல் அஞ்சலுக்கெனத் தனி நெறிமுறை எழுதப்பட்டது. ஒரே வழியில் கைகோத்து நடந்த இருவரும் அதன்பின் தத்தம் வழியே சென்றனர். இன்று நாம் செய்ய முயல்வது, பிரிந்த அவ்விருவரையும் மீண்டும் பேசவைப்பதேயாகும்.

அறிவிப்பின் தேவையைத் தொடக்கக் காலத்தவரும் உணர்ந்திருந்தனர். 1980 ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், புதிய அஞ்சல் வந்ததும் திரையில் சொல்லும் சிறு நிரல் ஒன்றை ஆக்கினர். அதற்கு அங்கு எல்லோர்க்கும் பழக்கமான 'பிஃப்' என்னும் நாயின் பெயரை இட்டனர். அந்த நாய் தபால்காரரைக் கண்டு குரைக்கும் என்பதால் அப்பெயர் வந்தது என்று ஒரு கதை பரவிற்று. ஆனால் அது வெறும் கதை என்று நாயின் உரிமையாளரே மறுத்தார். எவ்வாறாயினும், வாயிலில் வருவதை உள்ளிருப்போர்க்குச் சொல்லும் வேலைக்கு அதனினும் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

வந்ததை அறிய இருவழிகள் உண்டு. ஒன்று, குறித்த இடைவெளியில் நாமே சென்று "ஏதேனும் வந்ததா?" என்று கேட்பது, தபால் நிலையத்திற்கு நாள்தோறும் நடந்து சென்று விசாரிப்பதைப் போன்றது. மற்றொன்று, வந்த அந்தக் கணத்தில் அவர்களே நம் கதவைத் தட்டுவது. அலுவலகங்களில் உள்ள லினக்ஸ் கணிப்பொறிகளில் 2005 ஆம் ஆண்டு முதல் 'ஐநோட்டிஃபை' என்னும் அமைப்பு இரண்டாவது வழிக்கு உதவுகிறது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கோப்பகங்களைப் பயன்படுத்துவோர், 'பவர் ஆட்டோமேட்' என்னும் கருவியில் "புதிய கோப்பு உருவானால் மின்னஞ்சல் அனுப்புக" என்று நிரல் எழுதாமலேயே கட்டளையிட்டு வைக்கலாம். நம் சங்கம் பயன்படுத்துவது கூகுள் டிரைவ் ஆதலால், அதனோடு இயங்கும் 'ஆப்ஸ் ஸ்கிரிப்ட்' என்பதைக் கொண்டு முதல் வழியை மேற்கொண்டோம். நம் இளைஞர் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைப் பொழுதிலேயே அதை எழுதி முடித்தனர்.

அது செய்யும் வேலை எளியது. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நிரல் விழித்தெழும். கோப்புறைக்குள் சென்று அங்குள்ள கோப்புகளின் பட்டியலை எடுக்கும். தன்னிடமுள்ள பழைய பட்டியலோடு ஒப்பிடும். புதிதாக ஒன்றைக் கண்டால், அதன் பெயர், இட்டவர், இருக்கும் இடம், திறப்பதற்குரிய இணைப்பு ஆகியவற்றை எழுதி மின்னஞ்சலாக அனுப்பும். பிறகு தன் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொண்டு உறங்கிவிடும். அரசு அலுவலகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பெரியோர்க்கு இதை விளக்கவேண்டுவதில்லை. வந்த தபால்களைப் பதியும் பதிவேட்டை எழுத்தர் எவ்வாறு எழுதினாரோ, அவ்வாறே இந்நிரலும் எழுதுகிறது.

எளிய வேலைதான், ஆயினும் அதில் நாங்கள் பட்டுத் தெளிந்த பாடங்கள் ஐந்து. அவற்றைச் சொல்லுவது உங்கள் அலுவலகத்திற்கும், பள்ளிக்கும், குடும்பத்திற்கும் பயன்படக்கூடும்.

முதலாவது, உள்ளறைகளை மறக்கலாகாது. ஒரு கோப்புறையின் பட்டியலைக் கேட்டால், அதில் நேராக உள்ள கோப்புகள் மட்டுமே வரும். அதனுள்ளே இருக்கும் சிறிய கோப்புறைகளுக்குள் கிடப்பவை வரா. நிரல் ஒவ்வோர் அறையாக நுழைந்து பார்க்கும்படி எழுதவேண்டும். நம் பெரியவர் கட்டுரை மறைந்து கிடந்தது அத்தகைய ஓர் உள்ளறையிலேதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவது, தேதியை நம்பலாகாது. "நேற்றைக்குப் பின் பிறந்த கோப்புகளைக் காட்டுக" என்று எழுதுவது எளிது. நாங்களும் முதலில் அப்படித்தான் எழுதினோம். ஆனால் ஒருவர் ஓராண்டுக்கு முன் தம் அறையில் எழுதிவைத்த கட்டுரையை இன்று நம் கோப்புறைக்கு நகர்த்தினால், அக்கோப்பின் பிறந்த தேதி பழையதாகவே இருக்கும். நிரல் அதைப் புதியதென்று கொள்ளாது. ஆதலால் தேதியை விட்டு, ஒவ்வொரு கோப்பிற்கும் உரிய தனி அடையாள எண்ணைக் குறித்துவைத்து ஒப்பிடுவதே நேர்.

மூன்றாவது, வரத் தொடங்கியதும் வந்து முடிந்ததும் வேறு. அலுவலகக் கணிப்பொறிகளில் பெரிய கோப்பு ஒன்று வந்துகொண்டிருக்கும்போதே அதன் பெயர் பட்டியலில் தோன்றிவிடுவது உண்டு. அக்கணமே மணி அடித்தால், திறப்பவர் பாதிக் கோப்பைத்தான் காண்பார். இதனால்தான் ஐநோட்டிஃபையில் 'உருவாயிற்று' என்பதும் 'எழுதி மூடப்பட்டது' என்பதும் தனித்தனி நிகழ்ச்சிகளாக வைக்கப்பட்டுள்ளன. அனுபவமுள்ளவர், முதலில் தற்காலிகப் பெயரில் அனுப்பி, முழுவதும் சேர்ந்தபின் உண்மைப் பெயரை இடுவர்.

நான்காவது, மணி எவர் செவிக்கு என்பது. தொடக்கத்தில் ஆர்வத்தால் குழுவினர் பன்னிருவர்க்கும் அறிவிப்புச் செல்லும்படி செய்தோம். ஒவ்வொரு கோப்பிற்கும் ஒவ்வோர் அஞ்சல். ஒரே நாளில் விழாப் படங்கள் பல வந்து சேர்ந்தபோது அஞ்சற்பெட்டி நிரம்பிற்று. தனிநபர் கணக்கிலிருந்து ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வழியே ஒரு நாளில் 100 பெறுநர்க்கே அஞ்சல் செல்லும். பன்னிருவர்க்கு எட்டு முறை அனுப்பியதும் அவ்வரம்பின் விளிம்பிற்கு வந்துவிட்டோம். அதனினும் பெரிய தீமை, அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டதாகும். ஊரெல்லாம் காக்கும் வயலைக் காப்பார் ஒருவருமில்லை. இப்போது பத்து நிமிடத்தில் எத்தனை கோப்பு வந்தாலும் ஒரே அஞ்சல். அது ஒருவர்க்கே செல்லும். அந்தத் திங்களுக்குப் பொறுப்பானவர் யார் என்பது கூட்டக் குறிப்பில் எழுதப்படும். அவர் வெளியூர் சென்றால், பொறுப்பை மற்றொருவரிடம் ஒப்படைத்துவிட்டே செல்வார்.

ஐந்தாவது, மணியின் மௌனம். நம்மைப் போன்று பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து வாழ்வோர்க்கு இது மிகவும் வேண்டிய பாடம். நிரலை இயக்கும் கட்டளை, அதை அமைத்தவருடைய கணக்கின் பெயரிலேயே நடக்கும். இன்று இங்கிருக்கும் இளைஞர் நாளை பெங்களூருக்கோ துபாய்க்கோ மாற்றலாகிச் சென்று, தம் பழைய கணக்கை மூடிவிட்டால், மணியும் அவரோடு போய்விடும். அறிவிப்பு வரவில்லை என்றால், கோப்பு வரவில்லை என்று நாம் எண்ணிக்கொண்டிருப்போம். ஆகவே, நிரலைச் சங்கத்தின் பெயரிலுள்ள பொதுக் கணக்கில் வைத்தோம். அதுவன்றி, நாள்தோறும் காலை ஏழு மணிக்கு, புதியது ஒன்றும் இல்லையாயினும், "நேற்றுப் புதிய கோப்பு எதுவும் வரவில்லை, நிரல் நலமாக இயங்குகிறது" என்று ஓர் அஞ்சல் வருமாறு செய்தோம். அந்தக் காலை அஞ்சல் வராத நாளில், மணி பழுதுபட்டது என்று உடனே அறிந்துகொள்வோம். இரவில் ஊர்க் காவலர் நாழிகைக்கு ஒருமுறை கோலைத் தட்டிச் சென்றதன் பொருளும் இதுவன்றோ? கள்வர் வந்ததைச் சொல்ல மட்டும் அவர் தட்டவில்லை; தாம் விழித்திருப்பதைச் சொல்லவும் தட்டினார்.

இத்துணைச் செய்தும், எங்களுக்கு ஒரு குறை தெரிந்தது. பெறுபவர்க்கு மணி அடித்தோம். அனுப்பியவர்க்கு என்ன செய்தோம்? நம் இல்லங்களில் முன்னர்ப் பதிவஞ்சல் அனுப்பியபோது, அதனோடு ஓர் ஒப்புகை அட்டையையும் இணைத்து அனுப்பியது நினைவிருக்கும். பெற்றவர் கையெழுத்தோடு அவ்வட்டை திரும்பி வந்த பின்னரே நம் பெற்றோர் மனம் அமைதியடைந்தது. அந்த அட்டைதான் எங்கள் ஏற்பாட்டில் விடுபட்டிருந்தது. சென்ற ஆண்டு அப்பெரியவர்க்கு "உங்கள் கட்டுரை கிடைத்தது" என்று ஒரு வரி சென்றிருந்தால், அல்லது அந்த ஒரு வரி வரவில்லையே என்று அவர் கேட்கும் வழக்கம் நம்மிடம் இருந்திருந்தால், அந்த விழா நாள் அவர்க்கு வேறு நாளாக இருந்திருக்கும்.

ஆதலால், இப்போது கோப்பு வந்தவுடன் இரு அஞ்சல்கள் புறப்படுகின்றன. ஒன்று பொறுப்பாளர்க்கு, மற்றொன்று இட்டவர்க்கு. இட்டவர்க்குச் செல்லும் அஞ்சலில், "தங்கள் கோப்பு வந்து சேர்ந்தது. ஏழு நாட்களுக்குள் குழுவினர் ஒருவர் தங்களோடு பேசுவார். பேசவில்லையாயின் எங்களைக் கேளுங்கள்" என்று எழுதியுள்ளோம். கேட்கத் தயங்கும் இயல்புடைய நம் முதியோர்க்கு, கேட்கும் உரிமையை எழுத்தில் கொடுத்துவிட்டோம். மின்னஞ்சல் இல்லாதவர்க்குப் பொறுப்பாளர் தொலைபேசியில் சொல்வார், அதை நிரல் செய்யாது, மனிதரே செய்யவேண்டும்.

இவையெல்லாம் ஒரு மலருக்காகவா என்று கேட்பீராயின், அன்று என்போம். தமிழர் பல நாடுகளில் பரவி வாழும் இக்காலத்தில், நம் கூட்டுப் பணிகள் யாவும் கோப்புகளின் வழியே நடைபெறுகின்றன. 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று நடத்த, உலகின் பல மூலைகளிலுள்ள தமிழர் ஊதியம் கருதாது நம் பழைய நூல்களைத் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் இணையத்தில் எல்லோர்க்கும் இலவசமாகக் கிடைக்கச் செய்தனர். ஒருவர் தட்டச்சிட்டதை மற்றொருவர் திருத்தவேண்டும். முன்னவர் முடித்துவிட்டார் என்பதைப் பின்னவர் அறியாவிடில், அந்நூல் நடுவழியில் நின்றுவிடும். முகம் காணாதவர்கள் சேர்ந்து செய்யும் பணி எதற்கும் "வந்தது, பெற்றோம், தொடர்கிறோம்" என்னும் மூன்று சொற்களே உயிர் நரம்பு.

நம் சங்கத்தின் கல்வி உதவி விண்ணப்பங்களும் இவ்வாண்டு முதல் கோப்புறை வழியே வருகின்றன. ஒரு மலர்க் கட்டுரை தவறினால் ஒரு மனம் வருந்தும். ஒரு விண்ணப்பம் தவறினால் ஒரு பிள்ளையின் கட்டணம் செலுத்தும் நாள் கடந்துவிடும். விண்ணப்பங்களில் குடும்ப வருமானமும் வங்கி எண்ணும் இருப்பதால், அக்கோப்புறையை 'இணைப்பு உள்ள எவரும் காணலாம்' என்று திறந்துவைக்காமல், மூவர் மட்டுமே காணுமாறு பூட்டியுள்ளோம். அறிவிப்பு அஞ்சலிலும் விண்ணப்பம் வந்தது என்பது மட்டும் இருக்கும். அதனுள் இருப்பது இராது. மணி ஊரறிய ஒலிக்கலாம். கடிதம் உரியவர்க்கே உரியது.

இறுதியாக ஒன்று சொல்லி அமைகிறோம். இந்நிரலை அமைத்தபின் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் கருதவில்லை. இயந்திரம் மணியை அடிக்கும். எழுந்து சென்று பையைத் திறப்பது நம் கடமை. மணியோசை கேட்டும் திண்ணையில் அமர்ந்திருப்பவர்க்கு எந்த அஞ்சலோட்டக்காரரும் உதவ இயலாது.

அப்பெரியவருடைய கட்டுரை, அவர் மகளின் இசைவு பெற்று, இவ்வாண்டு மலரின் முதற் கட்டுரையாக வெளிவருகிறது. அதைத் தட்டச்சிட்ட பேரனே அச்சுப்படியையும் திருத்தித் தந்தான். திருத்திய கோப்பை அவன் கோப்புறையில் இட்ட இரவு, பத்து நிமிடத்திற்குள் எங்கள் பொறுப்பாளரின் கைப்பேசி ஒலித்தது. அவர் உடனே அவ்வீட்டிற்குத் தொலைபேசியில் பேசி, "அம்மா, அப்பாவின் கட்டுரை வந்து சேர்ந்துவிட்டது" என்றார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவ்வம்மையார், "மிக்க நன்றி அண்ணா" என்று மட்டும் சொன்னார்.

காலம் தாழ்ந்து ஒலித்த மணி அது. இனி எவர்க்கும் காலம் தாழாமல் ஒலிக்க நீங்கள் அனைவரும் துணைநிற்பீர்களாக. 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!